மந்தையும் காட்டுத்தீயும்

சம்பா அறுவடை முடிந்து, அதன் பின் விதைத்த உளுந்தும் பயறும் வீடு சேர்ந்த பிறகு, பங்குனி சித்திரை மாதங்களில் சிதம்பரம் வட்டத்து வயல்வெளி வேறொரு தோற்றம் கொள்கிறது. பச்சை மறைந்து, வெடித்த மண்ணும் காய்ந்த தாளுமாக அது கிடக்கிறது. அப்பொழுது தெற்கே இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து செம்மறியாட்டு மந்தைகள் வந்து சேர்கின்றன. மந்தைக்குத் தலைவர் கீதாரி. பகலெல்லாம் தரிசில் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவர் வயலில் வளைத்து அடைப்பர். மறுநாள் இரவு அடுத்த வயல். இதற்குக் கிடை போடுதல் என்று பெயர். வயலுக்குடையவர் கீதாரிக்குக் கூலி கொடுப்பார்.

உழவர் கணக்கில் இது எருவுக்காகச் செய்யும் ஏற்பாடு. ஆயினும் இதனுடன் சேர்ந்து இன்னொன்றும் நிகழ்ந்துவிடுகிறது. வரப்புப் புல்லும், அறுத்த தாளும், உதிர்ந்த சருகும் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விடுகின்றன. மந்தை வராத இடத்தில் அவை அப்படியே நிற்கின்றன; கோடை முற்றும்போது யாரோ ஒருவர் தீக்குச்சி கிழிக்கிறார், அல்லது அணைக்காமல் எறிந்த சுருட்டு அந்த வேலையைச் செய்கிறது. கடலூருக்கு அருகே கேப்பர் மலைச் செம்மண் மேட்டில் சாலையோரப் புல் கருகிக் கிடப்பதைக் கோடையில் பேருந்தில் செல்வோர் கண்டிருக்கலாம். புல்லைத் தின்ன இரண்டு வாய்கள் உள்ளன. ஒன்று கால்நடையின் வாய். மற்றொன்று நெருப்பின் வாய். ஒன்று உண்ணாமல் விட்டதை மற்றொன்று உண்கிறது.

என்னிடம் பயின்று பின்னர்க் கல்லூரி சென்ற மாணவர் ஒருவர், கல்வராயன் மலையடிவாரத்து ஊரினர், ஒரு முறை என்னிடம் கேட்டார்: "ஐயா, மாடு காட்டை அழிக்கிறது என்று நாங்கள் படிக்கிறோம். மாடு போகாத காடுதான் எரியும் என்று என் பாட்டனார் சொல்கிறார். இவற்றுள் எது சரி?" அன்று எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில், அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருப்பது தெரிந்தது. அதன் ஒரு பகுதி நம் கடலூரோடு தொடர்புடையது.

கடலூர் கடற்கரைப் பட்டினம். காட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்படும் வரை, அதன் தலைநகர் கடலூரே. செஞ்சிக் குன்றுகளும் கல்வராயன் மலையும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. இன்று முன்னது விழுப்புரம் மாவட்டத்திலும் பின்னது 2019இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கும். ஆகவே மலையடிவாரத்து இடையர் ஒருவரின் மாடு எங்கே மேயலாம், எங்கே மேயக்கூடாது என்பதைப் பற்றிய ஆணைகள், அலையோசை கேட்கும் தொலைவில் இருந்த கலெக்டர் கச்சேரியின் வழியாகவே சென்றன.

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856இல் தோன்றியது. கிளெக்காரன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் அதன் முதல் தலைவர். மருத்துவர் ஒருவர் காட்டுக்குத் தலைவரானது வியப்பன்று. தாவர நூல் அக்காலத்தில் மருத்துவக் கல்வியின் ஒரு கூறாக இருந்தது. இருப்புப்பாதைக்குக் கட்டையும், புகைவண்டிக்கு விறகும், கப்பலுக்குத் தேக்கும் வேண்டியிருந்த காலம் அது. காடு யாருடையது என்ற வினா அப்பொழுதே எழுந்துவிட்டது. 1871இல் சென்னை வருவாய் வாரியத்தார், இம்மாகாணத்துக் காடுகளில் ஊர் எல்லைக்குள் அடங்காதது அரிது என்றும், அங்கே மேய்ப்பதும் விறகெடுப்பதும் ஊராரின் பழைய உரிமை என்றும் வாதிட்டனர். ஆங்கில அரசின் அலுவலரே அரசின் உரிமைக்கு எதிராக இவ்வாறு எழுதினர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வரலாற்றில் ஒரு பக்கத்தார் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை.

இந்த வழக்கைத் தீர்க்க வந்தவர் டீட்ரிக் பிராண்டிசு. ஜெர்மானியர், 1864 முதல் இந்திய வனத்துறையின் தலைமை ஆய்வாளராக இருந்தவர். 1881இல் சென்னைக்கு வந்த அவர், வாரியத்தாரின் வாதத்தை முழுதும் ஏற்கவில்லை. அவருடைய துணையோடு உருவானதே 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். திருத்தங்களோடு, தமிழ்நாடு வனச் சட்டம் என்னும் பெயரில், அது இன்றும் நம் மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். ஒதுக்குக் காட்டில் செய்யலாகாத குற்றங்களை அப்பிரிவு வரிசையாகச் சொல்கிறது. காட்டுக்குத் தீயிடுவது அவற்றுள் ஒன்று. கால்நடை மேய்ப்பதும், அவற்றை அத்துமீறி நுழைய விடுவதும் அதே பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன. சட்டம் எழுதியவர் கண்ணில் தீயும் மாடும் ஒரே இனத்துப் பகைகள்; இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டால் காடு வளரும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. மேய்ச்சலுக்குச் சீட்டு முறை வந்தது, கட்டணம் வந்தது. வெள்ளாட்டின்மேல் அவர்களுக்கிருந்த வெறுப்பு தனி. கன்றையும் கொழுந்தையும் கடிக்கும் அந்தப் பிராணியைப் பல காடுகளிலிருந்து அறவே விலக்கினர். சீட்டில்லாத மாடு பட்டியில் அடைக்கப்பட்டது. இடையர் தம் மாட்டை இரவில் காக்கும் இடத்துக்கும் பட்டி என்றே பெயர். சர்க்கார் மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்துக்கும் பட்டி என்றே பெயர். ஒரே சொல் ஒருவருக்குக் காவலும் மற்றொருவருக்குச் சிறையும் ஆயிற்று.

மக்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. குறைகள் பெருகவே, 1913இல் சென்னை வனக் குழு ஒன்று அமைந்து ஊர் ஊராக விசாரித்தது. கீழ்நிலை ஊழியரின் தொல்லைகளைப் பற்றிய முறையீடுகள் அக்குழுவின்முன் குவிந்தன. மேய்ச்சலுக்குரிய காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்று அது பரிந்துரைத்தது. பஞ்சாயத்துகள் அமைந்த இடங்களும் உண்டு. அமையாத இடங்களில் மனக்குறை முற்றியது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில், அப்பொழுது நம் மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூர் மாவட்டத்தின் பல்நாட்டு மக்கள், 'புல்லரி' என்னும் மேய்ச்சல் வரியைக் கட்ட மறுத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கன்னெகண்டி அனுமந்து 1922இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உப்புக்கு வரி கொடோம் என்ற போராட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முன்பே புல்லுக்கு வரி கொடோம் என்று ஓர் உயிர் போனதை அறிந்தவர் சிலரே.

இனி நெருப்பின் பக்கம் திரும்புவோம். காட்டுத்தீயை அடியோடு தடுக்க முடியும் என்ற நம்பிக்கை 1860களில் மத்திய மாகாணத்துப் போரி என்னும் காட்டில் பிறந்தது. பியர்சன் என்னும் அதிகாரி அங்கே புல்லைச் செதுக்கிக் கோடுகள் வகுத்து, காவலரை நிறுத்தி, கோடையைத் தீயின்றிக் கடத்திக் காட்டினார். நடவாது என்று பலரும் எண்ணிய செயல் நடந்துவிட்டது. அது முதல் தீத்தடுப்பே வனத்துறையின் பெருமையாக ஆயிற்று. எத்தனை சதுர மைல் தீயின்றிக் காக்கப்பட்டது என்பதை ஆண்டறிக்கைகள் அட்டவணையிட்டுக் காட்டின.

அந்தப் பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1896இல் பர்மாவில் பணியாற்றிய ஸ்லேடு என்னும் வன அதிகாரி, தீத்தடுப்பு அளவு மீறிவிட்டது என்று துறையின் இதழிலேயே எழுதினார். தீ வராத காட்டில் தேக்கின் கன்றுகள் மூங்கிலுக்கும் புதருக்கும் அடியில் முளைக்காமற் போயின. அதற்கிடையே சருகும் கொடியும் ஆண்டுக்காண்டு சேர்ந்தன. எப்போதாவது ஒரு தீ உள்ளே புகுந்தால் அது முன் கண்டிராத கொடுமையாக எரிந்தது. நீண்ட வாதத்துக்குப் பின், 1907 முதல் பர்மாவின் பல தேக்குக் காடுகளில் தீத்தடுப்பு கைவிடப்பட்டது. வடக்கே குமாவுன் மலையில் கதை வேறு விதமாக முடிந்தது. மேய்ச்சலையும் பழைய வழக்கப்படி புல்லெரிப்பதையும் அரசு தடுக்கவே, 1921இல் மக்கள் தேவதாரு இனத்துச் சீர்மரக் காடுகளைத் தாமே கொளுத்தினர். அதன் பின்னரே விசாரணைக் குழுவும், 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகளும் வந்தன.

இதில் மறைக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. இடையரே பல இடங்களில் தீ வைத்தவர்கள். முற்றிய புல்லை எரித்தால் சில நாட்களில் இளம்புல் துளிர்க்கும். மாடு அதை விரும்பும். நீலகிரியில் தோடர்களும் தம் எருமைகளுக்காக இவ்வாறே புல்வெளியை எரித்து வந்தனர். ஆகவே இடையரைத் தீயின் பகைவராக மட்டும் வருணிப்பது வரலாறாகாது. அவர்கள் தீயை வேண்டிய காலத்தில், வேண்டிய இடத்தில் மூட்டத் தெரிந்தவர்கள். பனி ஈரம் காயாத தை மாதத்தில் மூட்டும் தீ தரையோடு தவழ்ந்து அணையும். பங்குனியில் மூளும் தீ மரத்தின் மேல் ஏறும். மைசூர்ச் சீமையைச் சேர்ந்த பிளிகிரிரங்கன் மலைச் சோளகர், ஆண்டுத் தொடக்கத்தில் மூட்டும் சிறு தீக்குச் சருகுத்தீ என்னும் பொருள்படத் தனிப்பெயரே வைத்திருந்தனர். 1974இல் அம்மலை சரணாலயமான பின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன் பின் உண்ணிச்செடி அக்காட்டைப் பெரிதும் மூடிக்கொண்டதைச் சோளகரும் ஆராய்ச்சியாளரும் ஒருங்கே கண்டிருக்கின்றனர்.

நம் நாட்டில் இலையுதிர் காடு என்று எழுதப்பட்டவற்றுள் பல, உண்மையில் காடு என்னும் சொல்லுக்கு முழுதும் பொருந்துவன அல்ல என்று பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்தவர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் சிலர் 2011இல் எழுதினர். அடர்ந்த காட்டில் மரங்களின் கவிகை வெயிலை மறைக்கும்; அடியில் புல் வளராது. புல் இல்லாததால் தீயும் எளிதில் ஓடாது. ஆனால் மரங்கள் இடைவிட்டு நின்று, அடியில் தொடர்ந்த புல்விரிப்பு இருக்குமாயின், அதைச் சவானா என்னும் புல்லடர் மரவெளியாகவே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கருத்து. வெக்காலி, தேக்கு, வேங்கை, நெல்லி முதலியன நிற்கும் நம் உலர் மலைச்சரிவுகள் பல இவ்வகையின. இவற்றின் மரங்களுக்குப் பட்டை தடிப்பு. அடிமரம் கருகினாலும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் உண்டு. தீயோடும் மேயும் விலங்கோடும் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய நிலம் இது.

தமிழ் படித்த நமக்கு இது புதிய செய்தியா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். காட்டை ஆயர்க்கும் ஆநிரைக்கும் உரிய முல்லை நிலமாக வகுத்தவர்கள் நம் முன்னோர். முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வளம் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. காடும் மந்தையும் வறட்சியும் ஒரே நிலத்தின் மூன்று நிலைகள் என்பது அவர்கள் கண்டறிந்த செய்தி. மேல்நாட்டு வனவியல் இங்கே வந்தபோது, மந்தையைக் காட்டுக்கு அயலானதாக எண்ணியே வந்தது. பிராண்டிசு நல்லறிவாளர், ஐயமில்லை. ஆனால் அவர் கல்வி பெற்றது கோடையிலும் ஈரம் காயாத ஐரோப்பியக் காடுகளைக் கண்டு.

மாணவர்கள் சிலேட்டை எடுத்துக்கொண்டு என்னோடு ஒரு சிறு கணக்குப் போடலாம். நாட்டு மாடு ஒன்று தன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு உலர்ந்த தீனி ஒரு நாளைக்கு உண்ணும். 250 கிலோ எடையுள்ள மாட்டுக்கு 5 கிலோ என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 100 மாடுகள் ஒரு நாளைக்கு 500 கிலோ. ஆடி முதல் மார்கழி வரை 180 நாள் மேய்ந்தால் 90 டன். ஒரு ஹெக்டேரில் 3 டன் புல் விளைந்து, அதில் பாதியை மட்டும் மாடு தின்றால், அந்த மந்தை 60 ஹெக்டேர் நிலத்துப் புல்லைப் பாதியாகக் குறைக்கும். தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளை ஆராய்ந்தவர்கள், ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2 டன்னுக்குக் கீழே புல் குறைந்தால் தீ தொடர்ந்து பரவுவது கடினம் என்று கணக்கிட்டுள்ளனர். நம் கணக்கில் எஞ்சியது ஒன்றரை டன். குளம்பு மிதித்துப் புல் மண்ணோடு படிவதும், மந்தை நடந்த தடங்கள் வெறுந்தரையாகித் தீக்கு இடைவெளி விடுவதும் இதற்கு மேல் வரும் ஆதாயம்.

இது சிலேட்டுக் கணக்குதான். காடு சிலேட்டு அன்று. ஆயினும் இக்கணக்கிலிருந்தே இரண்டு செய்திகளைக் கண்டுகொள்ளலாம். முதலாவது, காலம். புல் இளசாக இருக்கும் மழைக்காலத்திலும் அதை அடுத்தும் மேய்ந்தால்தான் பயன். ஊசிப்புல் முற்றிக் கதிர் காய்ந்த பின் மாட்டை ஓட்டினால் அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டாவது, அளவு. 60 ஹெக்டேர் என்பது ஒரு சதுர கிலோமீட்டரிலும் குறைவு. நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரந்த ஒரு மலையை மாடுகளை மட்டும் கொண்டு தீயிலிருந்து காக்க எந்நாளும் இயலாது. ஊரை ஒட்டிய சரிவு, பாதையோரம், தீத்தடுப்புக் கோட்டின் இருமருங்கு, இவற்றில் வேண்டுமானால் காக்கலாம்.

விலங்கின் வாய்க்கும் நெருப்பின் வாய்க்கும் உள்ள போட்டியை உலகம் மிகப் பெரிய அளவில் கண்டது ஆப்பிரிக்காவிலுள்ள செரங்கெட்டிப் புல்வெளியில். மாடுகளைக் கொள்ளை கொண்ட வெக்கை நோய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தது. மாட்டோடு வில்டபீஸ்ட் என்னும் பெருமான் இனமும் அந்நோயால் குறைந்து கிடந்தது. மேய்வதற்கு விலங்கின்றிப் புல் மிகுந்தது, ஆண்டுதோறும் பெருந்தீ ஓடியது, மரக்கன்றுகள் தலையெடுக்கவில்லை. சுற்றுப்புறத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும், காட்டு விலங்குகளிடமும் நோய் மறைந்தது. 1961இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வில்டபீஸ்ட் கூட்டம் 1977 அளவில் பதின்மூன்று இலட்சத்தைத் தாண்டியது. புல் குறைந்தது, தீ குறைந்தது, மரங்கள் பெருகின. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்தது என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பு எழலாம். ஆனால் நடந்தது அதுவே. அவ்வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011இல் அறிவிக்கப்பட்டது.

அதே நோய் நம் பக்கத்தில் எதிர்ப்பாடத்தையும் கற்பித்திருக்கிறது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளின் காட்டிகள், அதாவது நாம் காட்டெருமை என்று வழங்கும் பெரிய விலங்குகள், வெக்கை நோயால் பெருவாரியாக மடிந்தன. நாட்டு மாடும் காட்டு மாடும் ஒரே நீர்த்துறையில் வாய் வைக்கும்போது நோய் இடம் மாறும் ஆபத்து இன்றும் கோமாரி வடிவில் இருக்கிறது. மேய்ச்சலை அஞ்சும் வனத்துறையினரின் அச்சம் வெறும் பிடிவாதம் அன்று. மிகுதியாக மேய்ந்த சரிவில் மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்காது; மரக்கன்று கடிபட்டுக் குட்டையாகிவிடும்; உண்ணிச்செடியை மாடு தொடாததால், புல் போன இடத்தில் அது பரவிக் கோடையில் புல்லைவிட உயரமாக எரியும். எல்லா நிலத்துக்கும் மேய்ச்சல் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. நம் சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் தீ என்பது ஒரு பிரச்சினையே அன்று; அங்கே மாடும் ஆடும் நுழைந்தால் சுரபுன்னைக் கன்றும் கண்டல் கன்றும் கடிபடுவதுதான் மிச்சம். நிலத்தை அறியாமல் விதி செய்வது இரண்டு பக்கமும் தவறும்.

அவ்வாறு தவறியதற்கு இராஜஸ்தானத்துப் பரத்பூர் ஓர் எடுத்துக்காட்டு. பறவைகளுக்குப் பெயர்பெற்ற அச்சதுப்பு நிலம் தேசியப் பூங்காவானதும், 1982 நவம்பரில் ஊரார் எருமைகள் உள்ளே வருவது தடுக்கப்பட்டது. எதிர்த்து நின்றவர்கள்மேல் காவலர் சுட்டதில் ஊர்மக்கள் இறந்தனர். பின்னர் என்ன நேர்ந்தது? எருமை தின்றுவந்த நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. மீனுக்கும் வாத்துக்கும் இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்தாண்டு ஆராய்ந்து, மேய்ச்சலைத் தடுத்ததே கேடு என்று முடிவு கூறினர். எருமையை விலக்கவேண்டும் என்ற கருத்து அக்கழகத்தாரிடமும் முன்பு இருந்தது என்பர். தம் கருத்தைத் தம் ஆராய்ச்சியாலேயே மாற்றிக்கொண்டது அவர்களுக்குப் பெருமை. சுடப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

நம் மாநிலத்தில் இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேற்றம் சென்று திரும்பிய குழு ஒன்று புல்சரிவில் மூண்ட தீக்கு நடுவே அகப்பட்டது. 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர். உங்களைவிடச் சில ஆண்டே மூத்தவர்கள். மேய்ச்சல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் மாட்டேன். காய்ந்த ஆளுயரப் புல் காற்றுக்கு முன் எவ்வளவு விரைவாக எரியும் என்பதை அந்த மாலை தமிழ்நாடு முழுவதும் அறிந்துகொண்டது. அவ்வளவே.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், அதே தேனிப் பக்கத்து மேகமலை பற்றிய ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. மலைமாடு வளர்ப்போரிடமிருந்து முறையீடுகள் எழவே, அதே மாதத்தில் அவ்வாணை திருத்தப்பட்டு, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்தப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவில் மேய்ச்சலை விலக்குகிறது. சரணாலயத்தில் அதை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ அதிகாரம் தருகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலைக் காட்டுவாழ் மக்களின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. 1871இல் வாரியத்தாரும் வனத்துறையாரும் எதிரெதிரே நின்று வாதிட்டதை இப்போது இரு சட்டங்கள் நின்று வாதிடுகின்றன.

இந்த வழக்கின் நடுவே நிற்பது ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைமாடு. செந்நிறத் தோலில் வெண்திட்டுகள் சிதறியது. சிறிய உடல், கடிய குணம், மேட்டில் ஏறுவதில் ஆடு போன்றது. அங்குள்ள இலிங்காயத்துகளும் சோளகரும் இதனை வீட்டில் கட்டி வளர்ப்பதில்லை. காட்டினுள் முள்ளடைத்த பட்டிகளில் விட்டுக் காவல் கிடப்பர். தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கும் இனம் அன்று இது. காட்டுப் புல் இல்லையாயின் பர்கூர் மாடு இல்லை. இதன் எண்ணிக்கை ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிட்டது. 2024 சனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் பக்கத்து மலைக்காடுகளில் 800 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கும் யானைக்கும் அது வேண்டிய இடம் என்பதை மறுப்பார் இல்லை. பட்டிகள் இனி என்னாகும் என்பதே மலைமக்களின் கவலை.

வெளிநாட்டார் சிலர் வேறு வழியில் சென்றிருக்கின்றனர். ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில், சிற்றூர்கள் வெறிச்சோடி மந்தைகள் மறைந்த பின் காட்டுத்தீ பெருகியதை உணர்ந்து, 2016இல் 'தீ மந்தைகள்' என்னும் பொருள்படும் ஒரு திட்டம் தொடங்கினர். தீயணைப்புத் துறையினர் எந்தச் சரிவில் புல் குறைய வேண்டும் என்று குறித்துக் கொடுக்கின்றனர். ஆட்டிடையர் அங்கே மேய்க்கின்றனர். அந்த ஆட்டின் இறைச்சியும் பாற்கட்டியும் தனி முத்திரையோடு கடைகளில் விற்பனையாகின்றன. அதே நாட்டின் தெற்கே அந்தலூசியாவில், தீத்தடுப்புக் கோட்டை மேய்ந்து துப்புரவாக்கும் இடையருக்கு அரசே கூலி தருகிறது. எரு போட வரும் கீதாரிக்கு நம் மிராசுதாரர் கூலி கொடுத்த அதே முறைதான். சீட்டுக்குப் பணம் வாங்கிய துறை, மேய்த்ததற்குப் பணம் கொடுக்கிறது.

நம் வனத்துறையினர் தை மாதத்தில் ஒரு வேலை செய்கின்றனர். மலைச்சரிவுகளில் தீத்தடுப்புக் கோடுகளை அளந்து, இருபுறமும் புல்லை அறுத்து, காற்றில்லாத வேளை பார்த்து, அந்தப் பட்டையைத் தாமே கொளுத்திக் கருக்கிவிடுகின்றனர். பெரிய தீ வந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கே நின்றுவிடும் என்பது கணக்கு. கடினமான வேலை, நாட்கூலிக்கு வரும் மலைமக்களே பெரும்பாலும் அதைச் செய்கின்றனர். தங்கள் மாடு ஐப்பசியில் தின்றிருக்கக்கூடிய புல்லை, தையில் தங்கள் கையாலேயே அறுத்துத் தீயிட்டுவிட்டு, மாலையில் அவர்களுள் சிலர் பட்டிக்குத் திரும்புகின்றனர்.